மூன்றாம் எண்ணின் களைப்பு

சண்டை குக்கரில்தான் தொடங்கியது. சாம்பார் வைத்த குக்கரை ஊற வைத்திருப்பதாக ஒருத்தி சொல்வாள். மூன்று நாளாக ஊறுகிறதே, முளைவிடுமா என்று இன்னொருத்தி கேட்பாள். மூன்றாமவள் ஒன்றும் பேசாமல் அதைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, மறுபடி படம் வரையப் போய்விடுவாள். சோழிங்கநல்லூரில் மூன்றாவது மாடி வீட்டை மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும். உலகம் எவ்வளவோ மாறிவிட்டது. டிரைவர் இல்லாத ஆட்டோ வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. குக்கரின் அடியில் பிடித்த பருப்பு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

மூவரில் கார்குழலி ஈரோட்டுக்காரி. செல்போன் செயலிகள் வடிவமைக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. நஸ்ரின் திருச்சி. வங்கி ஒன்றின் வாடிக்கையாளர் சேவையில் நாள் முழுக்க இனிக்க இனிக்கப் பேசிவிட்டு வருபவள், ஆகவே வீட்டில் பேசினால் சுருக்கென்றுதான் பேசுவாள். குக்கரைக் கடைசியில் கழுவுகிறவள் ரெக்சிலின். கன்னியாகுமரி மாவட்டத்து முளகுமூட்டுக்காரி, பள்ளிப் பாடங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிறவள், மூவரில் இளையவள், மெலிந்தவள். எதற்கெடுத்தாலும் முதலில் சிரிப்பவளும் அவள்தான்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய அட்டவணை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழலி மூன்று கைப்பட்டைகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"என்னடி இது, மாட்டுக்குக் கட்டுறதா?" என்றாள் நஸ்ரின்.

"நீ ஒரு பக்கெட் தண்ணி தூக்குறதும் நான் தூக்குறதும் ஒண்ணா, சொல்லு. நீ ஜிம்முக்குப் போறவ. எனக்கு அதுலயே பாதி உசுரு போயிரும். ரெண்டு பேருக்கும் ஒரே மார்க் போட்டா நியாயமா? இந்தப் பட்டை நாடி, மூச்சு, உடம்புச் சூடு எல்லாம் பாத்து, ஒரு வேலை உன்னை எவ்வளவு களைக்க வைக்குதுன்னு அளக்கும். குழாய்லயும் அடுப்புகிட்டயும் பொட்டு மாதிரி ஒண்ணு ஒட்டப் போறேன். எப்ப என்ன வேலை நடக்குதுன்னு அது சொல்லும். அப்புறம் ஆப் வேலையைப் பிரிக்கும். மூணு பேரும் சமமா வேலை செய்ய வேண்டாம் புள்ள. சமமாக் களைச்சாப் போதும்."

"அப்ப சீக்கிரம் களைக்கிறவளுக்கு வேலை கம்மியா?"

"ஆமா."

"இது கொள்ளாமே கேட்டியா," என்று மெச்சிக்கொண்டே ரெக்சிலின் உடனே ஒரு பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அது மூன்றாம் எண் என்று பதிந்தது.

"இன்னொண்ணு," என்றாள் குழலி. இதைச் சொல்லும்போது அவளுக்கே பெருமையாக இருந்தது. "முறையை மாத்திக்கணும்னா ஆப்லயே கேளுங்க. இனிமே இந்த வீட்டுல யாரும் யார்கிட்டயும் வாயைத் திறந்து கேக்கவே வேண்டாம்."

செயலிக்கு 'சமன்' என்று பெயர் வைத்தாள். அவளுடைய நிறுவனம் அடுத்ததாகச் சந்தையில் விடப்போவது அதைத்தான். சோதனை வீடு இந்த வீடு.

முதல் மாதம் ஒரே கும்மாளம். பட்டையைக் கட்டிய கையை வேகமாக ஆட்டிக்கொண்டே ஒரு டம்ளரைக் கழுவினால் ஒரு தொட்டிப் பாத்திரம் கழுவிய களைப்பு பதிவாகும் என்று நஸ்ரின்தான் கண்டுபிடித்தாள். சமையலறையில் டம்ளரும் கையுமாக அவள் போட்ட ஆட்டத்தைப் பார்த்து ரெக்சிலின் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மூச்சு வாங்கும் வரை சிரித்தாள். "போதும், போதும், எனக்க நெஞ்சு அடைக்கு," என்று கையை உயர்த்தினாள். மற்ற இருவரும் இன்னும் சிரித்தார்கள். அந்த வீட்டில் நடந்த அந்த நல்ல சிரிப்புதான் பிறகு எமனாக வந்து நின்றது என்பதை நினைத்தால் இன்றைக்கும் குழலிக்குத் தாங்குவதில்லை.

இரண்டாவது மாதத்தில் ரெக்சிலினின் அளவுகள் ஏறத் தொடங்கின. கூடம் பெருக்கினால் நஸ்ரினுக்கு ஆறு, குழலிக்கு ஒன்பது, ரெக்சிலினுக்கு இருபத்திரண்டு. துணி காயப்போட்டால் முப்பது. செயலிக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதானே? அதிகம் களைப்பவளுக்கு வேலையைக் குறை. அது குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் ரெக்சிலினுக்கு மிஞ்சியது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும். பால்கனியில் இருந்ததோ ஒரே ஒரு கற்றாழை.

ஒரு ஞாயிறு மதியம் நஸ்ரின் பிரியாணி செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் போன்களில் வேலை வந்தது. அண்டா நஸ்ரினுக்கு, மீதிப் பாத்திரம் குழலிக்கு, ரெக்சிலினுக்கு ஓய்வு.

"ஏன் ரெக்சி," என்றாள் நஸ்ரின், அண்டாவைத் தேய்த்தபடியே. "நல்லாத்தான் கையை ஆட்டக் கத்துக்கிட்ட."

ரெக்சிலினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "நான் ஆட்டல்ல கேட்டியா. சத்தியமாட்டு ஆட்டல்ல."

"அப்ப கூட்டிப் பெருக்குறதுக்கு இருபத்திரெண்டு எப்படி வரும்? மாடிப்படி ஏறிட்டா பெருக்குற?"

"எனக்கு அறியாது. அந்தப் பட்டைக்கு என்னமோ ஆயிருக்கும்." அவள் குழலியைப் பார்த்தாள். "நீ சொல்லு. நான் அப்பிடிச் செய்வேனா?"

குழலி அப்போது ஒன்று சொல்லியிருக்கலாம். உனக்கு உண்மையிலேயே மூச்சு வாங்குகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை. இந்தச் சங்கடத்துக்காகத்தானே செயலியையே செய்தாள்? "விடுங்க. யாரையும் யாரும் சொல்ல வேண்டாம். ஆப்பையே நான் சரி பண்ணிடறேன்," என்றாள். தான் யாரையும் குற்றம் சாட்டவில்லை என்றுதான் நம்பினாள்.

சரிசெய்ய அரைமணி நேரம்தான் ஆனது. ஒருவருடைய களைப்பு வீட்டில் மற்றவர்களின் சராசரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனால் அதை நம்பாதே, சராசரியையே எடுத்துக்கொள். அவ்வளவுதான். மறுநாளே ரெக்சிலினுக்குப் பாத்திரம், கூடம், தண்ணீர் கேன் எல்லாம் திரும்பி வந்தன. நஸ்ரினுக்கும் கோபம் தணிந்தது. வீட்டில் அமைதி.

அலுவலகத்தில் மேலாளர் சுதர்சன் இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தார். "இதைத்தான் குழலி எல்லாரும் கேப்பாங்க. வேலை பகிர்ந்துக்கிற ஆப் நூறு இருக்கு. ஏமாத்துறவனைப் பிடிக்கிற ஆப் எங்க இருக்கு?" அவரே அதற்கு 'நேர்மை வடிகட்டி' என்று பெயர் சூட்டினார். இரண்டு மாதத்தில் நாற்பதாயிரம் வீடுகள் சமனை இறக்கிக்கொண்டன. சோதனை வீட்டின் பொறுப்பாளர் என்பதால், குழலியின் போனுக்கு மட்டும் வாரம் ஒரு குறிப்பு வரும்: 'மூன்றாம் எண்: அளவு பொருந்தவில்லை.' கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'ஆராய்க', இன்னொன்று 'ஒதுக்குக'. பதினோரு வாரமும் குழலி இரண்டாவதைத்தான் அழுத்தினாள். ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு படித்துக்கூடப் பார்க்கவில்லை.

ரெக்சிலின் அதற்குப் பிறகு ஒரு வேலையைக்கூடத் தட்டிக்கழிக்கவில்லை. காலையில் மற்ற இருவரும் எழுந்து வரும்போது பாத்திரமெல்லாம் கவிழ்ந்திருக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வரைபலகையை மடியில் வைத்துக்கொண்டு, "குட் மார்னிங் மேடங்களே," என்பாள். கால் வீங்கியிருக்கிறதே என்று நஸ்ரின் ஒருநாள் கேட்டதற்கு, "உக்காந்து உக்காந்து வரைஞ்சா வீங்காதா?" என்றாள். இருமலுக்கு மெட்ராஸ் தூசி என்றாள். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று போனைப் பார்ப்பாள். போனில் அப்படி என்னதான் இருக்கிறதோ என்று இவர்களும் கேலி செய்தார்கள்.

லிஃப்ட் பழுதாகி இருந்த ஒரு புதன்கிழமை. லிஃப்ட் ஓடாத நாளில் தண்ணீர் கேன் போடுகிறவர் கேட் அருகிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். மேலே கொண்டுவர வேண்டியது யார் முறையோ அவர் பாடு. அன்று ரெக்சிலின் முறை. நஸ்ரின் வேலைக்குப் போயிருந்தாள். குழலி கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தாள்.

ரெக்சிலின் பக்கத்தில் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டாள். "குழலி, கேனை மட்டும் நீ எடுத்துட்டு வாறியா? ஒனக்க ரெண்டு நாள் பாத்திரத்த நான் கழுவுகேன்."

குழலி மைக்கை மூடிவிட்டு, திரும்பாமலேயே சொன்னாள். "ஆப்ல கேளு புள்ள. மீட்டிங் முடிஞ்சதும் பாக்கறேன்."

"செரி," என்றாள் ரெக்சிலின்.

செயலியில் கேட்கவும் செய்தாள். ஒன்பது பதினாலுக்குக் குழலியின் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

இருபது நிமிடம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ரெக்சிலின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கேன் பக்கத்தில் நேராக நின்றது, ஒரு சொட்டு சிந்தவில்லை. கீழே போடாமல் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வரும்போதே ஒன்றும் மிச்சமில்லை.

மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். "சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல இதயத்து வால்வு கெட்டிருக்கு. யாரும் கவனிக்கல. இது இன்னைக்கு நேத்து நடந்தது இல்லம்மா. மாசக்கணக்கா மூச்சு வாங்கியிருக்கும், சின்ன வேலைக்கே துவண்டு போயிருப்பா. கூட இருந்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

நஸ்ரின் அழுதாள். குழலி அழவில்லை. அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. தெரிந்துகொள்ள ஒரு கருவியையே செய்து ரெக்சிலின் கையில் கட்டியிருந்தாள். அந்தக் கருவியும் வாராவாரம் வந்து சொல்லியிருக்கிறது.

முளகுமூட்டில் அடக்கம் முடிந்ததும் ரெக்சிலினின் அம்மா லில்லிபுஷ்பம் இருவர் கைகளையும் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர், உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது. "எனக்க பிள்ள போன்ல எப்பவும் ஒங்க ரெண்டு பேரப் பத்தித்தான் பேசுவா. தங்கச்சி மாரி பாத்துக்கிடுகாங்கன்னு சொல்லுவா. நீங்க நல்லா இருக்கணும் மக்களே," என்றார்.

குழலி வாயைத் திறந்தாள். ஆன்ட்டி, ஒரு விஷயம் சொல்லணும் என்ற வார்த்தைகள் நாக்கு வரைக்கும் வந்தன. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். ரெக்சிலினின் போனையும் கைப்பட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு ரயிலேறினாள்.

வீட்டுக்கு வந்த அன்று மதியம் அவள் மூன்றாம் எண்ணின் பதிவுகளைத் திறந்தாள். வடிகட்டி தள்ளிவிட்ட அளவுகள் எதுவும் அழியவில்லை. செயலி அவற்றை நம்ப மறுத்ததே தவிர, எழுதி வைத்திருந்தது.

குழாய்ப் பொட்டின் பதிவு காலை ஐந்தரைக்குத் தொடங்கியது. குழாய் திறந்தது, மூடியது. நாலு நிமிடம் ஒன்றுமில்லை. திறந்தது, மூடியது. ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. நாலு தட்டும் மூன்று டம்ளரும் ஒரு குக்கரும் கழுவ ஐம்பத்தெட்டு நிமிடம். முதல் வாரங்களில் களைப்பு நூற்றுக்கு மேல் போயிருந்தது. அப்புறம், இரண்டு மடங்குக் கோட்டுக்குக் கீழே இறங்காவிட்டாலும், குறைந்துகொண்டே வந்தது. உடம்பு தேறவில்லை. இடையில் நின்றாலோ உட்கார்ந்தாலோ அளவு ஏறாது, ஏறாவிட்டால் யாரும் தன்னைச் சந்தேகப்பட மாட்டார்கள் என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். பட்டையிடம் நல்ல பெயர் வாங்கத்தான் இருட்டு பிரியுமுன் எழுந்திருக்கிறாள். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து அறையில்தான் குழலி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவே வேண்டாத ஒரு வீட்டை அல்லவா கட்டிக் கொடுத்திருந்தாள்.

அப்போதுதான் அவள் அழுதாள்.

அழுது முடித்து முகம் கழுவும்போது அடுத்த எண்ணம் வந்து முகத்தில் அறைந்தது. நாற்பதாயிரம் வீடுகள். திரும்பி வந்து, வடிகட்டி தொடர்ந்து எட்டு வாரத்துக்கு மேல் நம்ப மறுத்தவர்களின் பட்டியலைக் கேட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். கையை ஆட்டி ஏமாற்றுகிறவன் எட்டு வாரமா ஆட்டுவான்? ஒரு வாரத்தில் சலித்துவிடும் என்று நஸ்ரினைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம்.

மறுநாள் காலை சுதர்சனிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. ரெக்சிலின் செய்தி கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டவர். பட்டியலைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதுல எத்தனை பேருக்கு உண்மையிலேயே வியாதி இருக்கும்? அஞ்சு பேரா? பத்து பேரா?"

"தெரியாது சார். அதான் சொல்லணும்கறேன்."

"என்னன்னு சொல்லுவ? நாங்க உங்களை ஏமாத்துக்காரன்னு முடிவு கட்டிட்டோம், தப்பாயிடுச்சுன்னா? நம்மது வைத்தியக் கருவி இல்லம்மா. பாத்திரம் கழுவுற ஆப். இவ்வளவு நாள் தெரிஞ்சும் சொல்லலைன்னு ஒருத்தன் கோர்ட்டுக்குப் போனா இங்க இருக்கிற முப்பது பேரும் தெருவுல நிப்போம். வடிகட்டியைச் சத்தமில்லாம எடுத்துடலாம். அதோட விட்டுடு."

"எடுத்துட்டா வேலை குறையும் சார். வியாதி குறையுமா?"

குழலி மேலே வாதாடவில்லை. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பயனர்களுக்குப் பொங்கல் வாழ்த்தும் சலுகை அறிவிப்பும் அனுப்புகிற பக்கத்துக்கு அவளிடம் சாவி இருந்தது. அதில் எழுதினாள்.

'நீங்கள் வேலையைத் தட்டிக்கழிக்கவில்லை. உங்கள் உடம்பு மிகவும் களைக்கிறது என்று எங்கள் செயலி பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பாமல் விட்டது எங்கள் தவறு. தயவுசெய்து இன்றே ஒரு மருத்துவரைப் பாருங்கள். உங்களோடு இருப்பவர்களிடமும் இதைக் காட்டுங்கள்.'

கீழே தன் பெயரைப் போடவில்லை. போட நினைத்தாள், கை வரவில்லை. எட்டு வாரத்துக்கு மேல் ஒதுக்கப்பட்டவர்கள் அனைவருக்கும் என்று குறித்து, பதினொன்று இருபதுக்கு அனுப்பினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலை போய்விட்டது என்று தெரியும். அதற்காக அவள் கவலைப்படவில்லை.

கால் மணி நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. யாருடா நீங்க, எங்களைப் பயமுறுத்தவா என்று ஒருவர். தன் மனைவியை வீடே சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்ததாகவும், இப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகவும் சேலத்திலிருந்து ஒருவர். குழலி அந்தப் பதிலை மூன்று முறை படித்தாள். நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது. ஒரு டீ சொன்னாள்.

டீ வருவதற்குள் போன் அடித்தது. திரையில் ரெக்சிலினின் சிரித்த முகம்.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எடுத்தாள்.

"மக்ளே, நான் ரெக்சிக்க அம்மையாக்கும்," என்றது குரல். "ஒனக்க நம்பரு எனக்க போன்ல இல்ல, அதான் அவ போன்லேந்தே கூப்பிடுகேன். அணைஞ்சு போவாம சார்ஜ் போட்டே வச்சிருக்கேன் பாத்துக்க. அவ வரைஞ்ச படமெல்லாம் இதுலதானே கெடக்கு."

"சொல்லுங்க ஆன்ட்டி."

"இப்பம் இதுல ஒரு மெசேஜ் வந்திருக்கு. நில்லு, வாசிக்கேன்." அவர் கண்ணாடி போட்டுக்கொள்வதற்கான இடைவெளி. பிறகு பள்ளிப் பிள்ளை போல ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். நீங்கள் வேலையை. தட்டிக்கழிக்கவில்லை. உங்கள் உடம்பு. மிகவும் களைக்கிறது.

குழலி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பட்டியலில் முதல் ஆள் யார் என்று அவள் பார்க்கவே இல்லை. வடிகட்டி பிறந்ததே எந்த வீட்டில்? பதினோரு வாரம் ஒதுக்கப்பட்ட மூன்றாம் எண்ணை யாரும் நீக்கவில்லை. அவள்தான் நீக்கியிருக்க வேண்டும்.

"இன்றே ஒரு மருத்துவரைப் பாருங்கள்னு போட்டிருக்கு மக்ளே." லில்லிபுஷ்பத்தின் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. "யாரோ ஒரு நல்ல மனசுக்காரிக்கு எனக்க பிள்ளைக்க கஷ்டம் தெரிஞ்சிருக்கு. பெத்த எனக்குத் தெரியல்ல பாத்தியா. கொஞ்சம் முந்தி இத அனுப்பியிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே. யாரு மக்ளே இது? ஒனக்குத் தெரியுமா? நம்பாம விட்டோம்னு வேற எழுதியிருக்கு. யாரு நம்பாம விட்டது?"

டீ மாஸ்டர் கிளாஸைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சாலையில் டிரைவர் இல்லாத ஆட்டோ ஒன்று யாருடைய பெயரையோ கூப்பிட்டுக்கொண்டு நின்றது. தெரியாது ஆன்ட்டி, ஏதோ கம்பெனி மெசேஜ் என்று சொல்லிவிடலாம். அந்த அம்மாள் நம்புவார். யாரோ ஒரு முகம் தெரியாத புண்ணியவதியை நினைத்து ஜெபம்கூடச் செய்வார்.

"நான்தான் ஆன்ட்டி," என்றாள் குழலி.

"நீயா அனுப்பினே?"

"அனுப்புனதும் நான்தான். நம்பாம விட்டதும் நான்தான். அது எனக்கு முந்தியே வந்துருச்சு ஆன்ட்டி. பதினோரு தடவை வந்துச்சு."

மறுமுனையில் தொலைவில் ஒரு கோழி கத்தியது. வைத்துவிடுவார் என்று குழலி காத்திருந்தாள். வைத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் வைக்கவில்லை. நாற்காலி ஒன்று இழுபடும் ஓசை கேட்டது.

"சொல்லு," என்றார் லில்லிபுஷ்பம். மக்ளே என்று சொல்லவில்லை. "நான் இருக்கேன். எல்லாத்தையும் மொதல்லேந்து சொல்லு."

குழலி குக்கரில் இருந்து தொடங்கினாள்.